ஒரு போத்தல் கடல்

தெல்லிப்பழையிலிருந்து மாவிட்டபுரம் தாண்டிச் சைக்கிளை மிதித்தால் கீரிமலை பெரிய தூரமில்லை. கேணிக்கரையில் ஒரு மதில். இந்தப் பக்கம் சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் ஊறி வரும் நன்னீர், அந்தப் பக்கம் கடல். ஆடி அமாவாசைக்கு வந்து கேணிக்குள் குதிக்கும் சிறுபிள்ளைகூட, வாய்க்குள் போன தண்ணீரை வைத்தே இது எந்தப் பக்கத்துத் தண்ணீர் என்று சொல்லிவிடும். உப்பு விசயத்தில் நாக்கு நல்ல கருவிதான்.

கரையில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு நாக்கால் தீராத ஒரு சந்தேகம் இருந்தது. நான் இரசாயனம் படித்தவன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"தம்பி, கொழும்பிலை அந்தக் கப்பல் எரிஞ்சதுக்குப் பிறகு மீனிலை ஈயம் கிடக்கு, அது கிடக்கு, இது கிடக்கு எண்டு எத்தினை கதை வந்தது. உந்தத் தண்ணியிலை எவ்வளவு கிடக்கெண்டு பாக்கேலாதோ?"

"பாக்கலாம் ஐயா."

அவர் எழும்பிப் போய், பக்கத்தில் கிடந்த வெறும் சோடாப் போத்தலைக் கடலில் அமிழ்த்தி நிரப்பி, மூடியை இறுக்கி என் கையில் தந்தார். "இந்தாரும். ஆரிட்டையும் குடுத்துப் பாரும்."

அந்தப் போத்தலை எந்த ஆய்வுகூடமும் ஏற்காது என்று எனக்குத் தெரியும். ஏன் என்று அந்த இடத்தில் நின்று சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

திறந்த கடலின் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. குளோரைட்டு 19 கிராமுக்கு மேல், சோடியம் 10 கிராமுக்கு மேல், மகனீசியம் 1.3, கல்சியம் 0.4. இவை பெருந்தனக்காரர். இரும்பு, செம்பு, நாகம், கட்மியம், ஈயம் எல்லாம் இந்தக் கூட்டத்துக்குள் எங்கோ ஒளிந்திருக்கும் ஏழைகள். கரையிலிருந்து தொலைவான மேற்பரப்பு நீரில், ஒரு லீற்றரில் கரைந்துள்ள இரும்பு பல இடங்களில் 10 நானோகிராம் அளவுதான். நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு.

கோடையில் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 10,000 லீற்றர் பிடிக்கும் என்று வைப்போம். அதை ஆழ்கடலின் மேல்நீரால் நிரப்பி முழுவதையும் வற்றக் காய்ச்சினால் 350 கிலோ உப்பு மிஞ்சும். 50 கிலோ மூடையில் ஏழு மூடை. அந்த ஏழு மூடைக்குள்ளும் இருக்கிற இரும்பு 0.1 மில்லிகிராம், அதாவது சமையல் தூளுப்பின் இரண்டு மணியின் நிறை. கீரிமலை போன்ற கரைநீரில் இதைவிடக் கூட இருக்கும். ஆனாலும் மூடைக்கணக்கு பெரிதாக மாறாது.

கண்ணும் மூக்கும் இங்கே உதவா. 2010களின் நடுப்பகுதியில் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த பிரச்சினை எழுந்தது. உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பான விவகாரம் அது. அங்கே சனம் சந்தேகப்பட ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. எண்ணெய் மணந்தது, வாளியில் படலமாக மிதந்தது. எண்ணெயிடம் அந்த அளவுக்காவது நாணயம் உண்டு. கரைந்த உலோகத்திடம் அதுவும் கிடையாது.

சரி, நல்ல கருவி ஒன்றுக்குள் நேரடியாக விட்டுப் பார்த்தால் என்ன? நல்ல கருவி இருக்கிறது. ஆகன் வாயுவைப் பல ஆயிரம் பாகைக்குச் சூடேற்றிப் பிளாஸ்மாவாக்கி, அதற்குள் மாதிரியைத் தூவி, வெளிவரும் அணுக்களை நிறைவாரியாக எண்ணும் திணிவு நிறமாலைமானி. சுத்தமான நீராயிருந்தால் அது அற்புதம் செய்யும். கடல்நீரை அப்படியே கொடுத்தாலோ முதலில் உப்புப் படிந்து அதன் சிறு துவாரங்கள் அடைக்கும். அடைபடாமல் தப்பினாலும் கணக்குப் பிழைக்கும். பள்ளிக்கூடக் கூட்டல்தான் இது: இரும்பின் முக்கிய சமதானிக்குத் திணிவு 56. ஆகனுக்கு 40, ஒட்சிசனுக்கு 16. இவை இரண்டும் பிளாஸ்மாவுக்குள் ஒட்டிக்கொண்டால் 56. கருவி அதை இரும்பென்றே எண்ணும். செம்புக்கு 63. ஆகன் 40, கடலில் தாராளமாயுள்ள சோடியம் 23, கூட்டிப் பாருங்கள். கடலுப்பே செம்பாக வேடம் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். புதிய கருவிகளில் இந்த வேடத்தைக் கலைக்க உபாயங்கள் உண்டு. ஆனால் ஒரு செம்பணுவுக்குக் கோடிக்கணக்கான சோடியம் வரிசையில் நிற்கும்போது எந்த உபாயத்துக்கும் மூச்சு முட்டும்.

ஆக, இந்தத் துறையின் முக்கால்வாசி வேலை அளப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஏழையைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்கிற வேலை அது.

பிரித்தெடுக்கும் வித்தையைக் காட்டித் தந்தவர் ரசியத் தாவரவியலாளர் மிகைல் சுவெத். 1903இல் வார்சோ நகரில் அவர் அதைப் பற்றிப் பேசினார். 1906இல் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். தமிழில் வண்ணப்பிரிகை. அவருடைய குடும்பப் பெயருக்கு ரசிய மொழியில் நிறம் என்றே பொருள் என்பது வேடிக்கையான பொருத்தம். அவர் செய்தது இவ்வளவுதான்: கண்ணாடிக் குழாய் ஒன்றில் கல்சியம் காபனேற்றுத் தூளை இறுக்கி நிரப்பினார், பச்சிலைச் சாற்றை மேலிருந்து ஊற்றினார், பின்னால் கரைப்பானை விட்டார். ஒரே பச்சையாகத் தெரிந்த சாறு இறங்க இறங்கப் பிரிந்து, பச்சை, மஞ்சள் என்று தனித்தனி வளையங்களாக நின்றது. தூளை அதிகம் ஒட்டிக்கொள்ளும் நிறம் பின்தங்கியது, ஒட்டாத நிறம் முந்திக்கொண்டது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு வெண்கட்டியை எடுங்கள். அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில், தண்ணீரில் கரையக்கூடிய கறுப்பு மை பேனாவால் சுற்றிவரக் கோடு போடுங்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கோடு நனையாதபடி வெண்கட்டியை நிமிர்த்தி வையுங்கள். தண்ணீர் மெல்ல மேலேறும். கோட்டைத் தொட்டதும் கறுப்பு கலங்கும். கொஞ்ச நேரத்தில் நீலம் ஒரு பட்டையாக, ஊதா ஒரு பட்டையாக, சிலவேளை மஞ்சளும் வெளிவரும். இன்றைய வெண்கட்டி பெரும்பாலும் ஜிப்சம், சுவெத் எடுத்த சுண்ணாம்பல்ல. பரவாயில்லை, அதுவும் வேலை செய்கிறது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் குரோமட்டோகிராபிக்கு வரைவிலக்கணம் மட்டும் பாடமாக்க வைப்பது எனக்குப் பிடிக்காத காரியம்.

சுவெத்தின் குழாயில் இருந்த அதே கல்சியம் காபனேற்றின் மேல்தான் தெல்லிப்பழை இருக்கிறது. குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அதை வெட்டியெடுத்தே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. மேலே செம்பாட்டு மண், கீழே சுண்ணாம்பு. மாரி மழை இரண்டுக்குள்ளாலும் இறங்கி, கல்லைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கும் கேணிக்கும் வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தக் கல்தான். வரும் வழியில் சில உலோகங்கள், முக்கியமாகக் கட்மியமும் நாகமும், சுண்ணாம்பின் மேற்பரப்பில் ஒட்டிப் பின்தங்கும். இயற்கை கட்டிவைத்த வண்ணப்பிரிகைத் தூண் என்று இதைச் சொல்லலாம். கொஞ்சம் ஓட்டைத் தூண். வெடிப்பும் பொந்தும் உள்ள இடத்தில் தண்ணீர் எதிலும் ஒட்டாமல் ஓடிவிடும். எங்கள் நிலத்தடி நீர் சட்டென்று கெட்டுப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடல்நீரில் உலோகத்தைப் பிடிக்கச் சுண்ணாம்பு போதாது. அதற்கு வந்தது நண்டு.

உண்மையாகவே நண்டுதான். ஓர் உலோக அயனை ஒரு மூலக்கூறு இரண்டு மூன்று இடத்தில் ஒரேயடியாகக் கவ்விப் பிடிப்பதை கிலேற்று என்கிறார்கள். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1920இல் பிரித்தானிய இரசாயனவியலாளர் இருவர் ஆக்கிய பெயர் அது. கொடுக்கிணைப்பு என்று தமிழில் சொன்னால் யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1875இல் 'கெமிஸ்தம்' என்று ஒரு நூலைத் தமிழில் வெளியிட்டார். அந்த மனிதர் இருந்திருந்தால் இந்தச் சொல்லை விட்டிருக்கமாட்டார்.

கொடுக்குகள் ஒட்டப்பட்ட சின்னஞ்சிறு பிளாஸ்ரிக் மணிகள் விற்பனைக்கு உண்டு. பிசின் மணிகள் என்பது தொழிற்பெயர். கொடுக்காக இருப்பது பெரும்பாலும் இமினோடைஅசற்றிக் அமிலம் என்ற மூலக்கூறு. 1968இல் லிவர்பூலில் ரைலி, டெய்லர் இருவரும் இப்படிப்பட்ட பிசினைக் கொண்டு கடல்நீரிலிருந்து உலோகங்களைத் திரட்டிக் காட்டினார்கள். இன்றும் அடிப்படை அதுதான்.

ஒரு மாதிரியின் பின்னால் போய்ப் பார்ப்போம். கடல்நீரை 0.2 மைக்கிரோமீற்றர் துளையுள்ள வடியில் வடித்து, அமிலமிட்டு வைத்திருக்கிறார்கள். அமிலத்தில் கொடுக்கு பிடிக்காது. எனவே அமோனியம் அசற்றேற்றுக் கரைசல் கலந்து பி.எச். மானம் ஆறுக்குக் கிட்டக் கொண்டுவருகிறார்கள். பிறகு ஒரு விரல் நீளம்கூட இல்லாத தூண் ஒன்றுக்குள்ளால் பம்பி அதை மெதுவாகத் தள்ளுகிறது. சோடியம் ஒற்றை ஏற்றம் கொண்டது, கொடுக்கில் நிற்காது, வழுக்கிப் போய்விடும். குளோரைட்டும் அதனோடே. கல்சியமும் மகனீசியமும் அரைமனதாகத் தொற்றிக்கொண்டிருக்கும். அமோனியம் அசற்றேற்றால் இன்னொருமுறை கழுவினால் அவையும் விட்டுப்போகும். செம்பு, நிக்கல், நாகம், கட்மியம், ஈயம், இரும்பு மட்டும் இறுகப் பிடிபட்டு மணிகளில் மிஞ்சும். ஏழு மூடை உப்பும் கழிவுக் குழாயால் போய்விட்டது.

இப்போது நைத்திரிக் அமிலம் சில மில்லிலீற்றர். ஐதரசன் அயன்கள் திரளாக வந்து கொடுக்குகளில் ஏறிக்கொள்ள, உலோகங்கள் எல்லாம் ஒன்றாக இறங்கும். 200 மில்லிலீற்றரில் சிதறிக் கிடந்தவை 2 மில்லிலீற்றருக்குள் வந்துவிட்டால் நூறு மடங்கு செறிவு. நேரே திணிவு நிறமாலைமானிக்கு அனுப்பலாம். அல்லது 1975இல் டோ கம்பனியில் ஹமிஷ் சுமோலும் தோழர்களும் தொடக்கிவைத்த அயன் குரோமட்டோகிராபி வழியில், இரண்டாவது தூண் ஒன்றுக்குள் விட்டு ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். பிரிடின் டைகாபொட்சிலிக் அமிலத்தோடு ஓடவிட்டால் இரும்பு முதலில், பின்னால் செம்பு, நிக்கல், நாகம், கோபாற்று என்ற ஒழுங்கில் அவை வெளிவரும். வெளிவாசலில் பார் என்று சுருக்கிச் சொல்லும் ஒரு சாயம் காத்திருக்கும். மஞ்சளாக ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சாயம் உலோகத்தைச் சந்தித்த கணத்தில் சிவக்கும். பச்சை ஒளியை அதற்குள்ளால் செலுத்தினால், சிவந்த இடத்தில் ஒளி குறையும். திரையில் ஒரு மலை எழும். மலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு உலோகம். கரைநீருக்கும் துறைமுக நீருக்கும் இந்தச் சாயமுறை போதும். நடுக்கடல் இரும்புக்கு இது காணாது, பெரிய கருவியிடமே போக வேண்டும்.

நிசமான நண்டும் இதைத்தான் செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அதன் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது செம்பு கொண்ட ஒரு புரதம். காற்றுப் பட்டால் நீலமாகும். லீற்றருக்கு ஒரு மைக்கிரோகிராம்கூட இல்லாத கடற்செம்பு, பாசி வழியாகவும் இரை வழியாகவும் ஏறி ஏறி அந்த நீலமாகத் திரண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பு ஒரு செறிவாக்கல் பரிசோதனையின் முடிவு.

பிரித்தெடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பல பத்தாண்டுகளாக உலகம் கடல் உலோகத்தைப் பிழையாகவே அளந்துவந்தது. முதல் உலகப்போரின் நட்டஈட்டைக் கட்டக் கடலிலிருந்து பொன் எடுக்கலாம் என்று நம்பிய யேர்மானியர் பிரிட்ஸ் ஹேபர் 1923இல் கப்பலேறினார். அமோனியாத் தொகுப்புக்கு நொபெல் பரிசு பெற்ற அதே ஹேபர். அவர் நம்பிய பழைய கணக்குகளோடு பார்த்தால் கிடைத்தது ஆயிரத்தில் ஒரு பங்களவுதான். 1927இல் கடையைக் கட்டினார். இன்றைய அளவீடு அவருடைய எண்ணையும் நூற்றுக்கணக்கான மடங்கு கீழே இறக்கிவிட்டது: பத்துக் கோடி தொன் கடல்நீரில் ஒரு கிராம் பொன்.

எண்கள் இப்படிக் குறைந்துகொண்டே வந்ததற்குக் கடல் காரணமில்லை. அளந்தவர்களின் கைதான். இதை உலகுக்குச் சொன்னவர் அமெரிக்கப் புவி இரசாயனவியலாளர் கிளேர் பற்றேசன். ஈயச் சமதானிகளைக் கொண்டு பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956இல் கணித்தவர். அந்த வேலையின்போது எங்கு தொட்டாலும் ஈயம் வந்தது. குழாயில், தூசியில், சட்டையில், தலைமயிரில். அதற்குப் பெரியதொரு காரணம் பெற்றோலில் கலந்த ஈயம் என்று கண்டு, காலம் முழுக்க அதோடு சண்டை பிடித்தார். ஈயப் பெற்றோலை இந்தியா 2000இலும் இலங்கை 2002இலும் நிறுத்தின. யாழ்ப்பாணத்தில் 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோலே இல்லாமல், மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தப் புகையில் ஈயம் குறைந்துதான் இருந்திருக்கும். அதைப் போரின் நன்மை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. செம்பாட்டு மண். அதன் சிவப்பே இரும்புத் துருதான். புவியோட்டில் சராசரியாக நூற்றுக்கு ஐந்து பங்கு இரும்பு; அதே கணக்கை மண்ணுக்கும் வைத்துப் பார்ப்போம். தலைமயிரின் தடிப்புள்ள ஒரு துகள் ஏறத்தாழ ஒரு மைக்கிரோகிராம் நிறுக்கும். அதற்குள் 50 நானோகிராம் இரும்பு. ஒரு லீற்றர் நடுக்கடல் நீரில் உள்ளதைப் போல் ஐந்து மடங்கு. தோட்டத்திலிருந்து நேரே வந்து ஒருவர் மூடியைத் திறந்து தும்மினாலே அந்த மாதிரி முடிந்தது.

அதனால்தான் இவ்வளவு ஆசாரம். போத்தல் பொலித்தீன் வகையாக இருக்கவேண்டும். சவர்க்காரத்தால் கழுவி, ஐதரோக்குளோரிக் அமிலத்தில் ஒரு கிழமை அமிழ்த்தி, தூய நீரால் பலமுறை அலசி, இரண்டு உறைக்குள் போட்டு வைக்கவேண்டும். வெளி உறையைத் தொட ஓர் ஆள், உள் உறையைத் தொட இன்னோர் ஆள். கப்பலில் இரும்புக் கம்பிவடம் கூடாது, கெவ்லர் நார்க்கயிறு. துருவும் வண்ணப்பூச்சும் உதிரும் கப்பலே பெரிய அழுக்கு என்பதால், வடித்த காற்று ஊதும் பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் வேலை. ஒவ்வொரு தொகுதியோடும் வெறும் தூய நீரையும் அதே பாடு படுத்தி அளக்கிறார்கள். அதில் வருகிற உலோகம் எல்லாம் எங்கள் கைவரிசை. முடிவில் சரிபார்க்க, கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபை அளவு உறுதிசெய்து போத்தலில் அடைத்து விற்கும் கடல்நீர் உண்டு. கனடாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வராத சாமானில்லை. கடற்றண்ணீரையும் காசுக்கு வாங்கலாம்.

இந்தச் சுத்தம் வந்த பிறகு, 1970களில், எண்கள் சட்டென்று ஒழுங்குக்கு வந்தன. முன்பு தாறுமாறாகச் சிதறிக் கிடந்த புள்ளிகள் கோடாயின. 1976இல் பொயில் என்ற ஆய்வாளரும் தோழர்களும் பசிபிக்கில் கட்மியத்தை ஆழவாரியாக அளந்தபோது அது பொசுபேற்றைப் போலவே நடந்துகொண்டது: மேலே குறைவு, கீழே கூட. உயிர்கள் அதை மேலே உள்ளெடுத்து, செத்து, கீழே விடுகின்றன. தென்சமுத்திரத்தில் பாசிக்கு மற்ற உணவெல்லாம் இருந்தும் இரும்பு இல்லாமல் பட்டினி என்று ஆய்வாளர் ஜோன் மார்ட்டின் சொல்ல முடிந்ததும் இந்தச் சுத்தத்தால்தான். 2009இல் கோவாவின் தேசிய சமுத்திரவியல் நிறுவனமும் யேர்மானியரும் சேர்ந்து அங்கே 300 சதுர கிலோமீற்றர் பரப்பில் 6 தொன் இரும்பைக் கரைத்துப் பார்த்தார்கள். பரிசோதனைக்கு, இரும்பைக் குறிக்கும் இந்திச் சொல்லை வைத்து, லோஹாபெக்ஸ் என்று பெயர். பாசி வளர்ந்தது. வளர்ந்ததைச் சின்ன உயிர்கள் மேய்ந்துவிட்டன. காபன் ஆழத்துக்குப் போகும் என்று எதிர்பார்த்தது பெரிதாக நடக்கவில்லை.

பெரியவர் கேட்ட கப்பலுக்கு வருவோம். எக்ஸ்பிரஸ் பேர்ள் 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து யூனில் அமிழ்ந்தது. 1,486 கொள்கலன்கள். அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம், 1,600 தொன்னுக்கு மேல் பிளாஸ்ரிக் மணிகள். ஆய்வுகூடத் தூணுக்குள் உலோகத்தைப் பிடிக்கிற மணிக்குத் தூரத்து உறவான மணியும், அதை இறக்குகிற அமிலமும்! 2025 யூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு கட்டச் சொன்னது. இப்படியான வழக்கொன்றில் தண்ணீரில் இவ்வளவு ஈயம் என்று சொன்னால் மட்டும் போதாது. விபத்துக்கு முன் அதே இடத்தில், அதே பருவத்தில், அதே சுத்தத்தோடு அளந்த எண் ஒன்று கையில் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரேயொரு கேள்வியில் அதைக் கவிழ்த்துவிடுவார்: முன்னமே இவ்வளவுதான் இருந்ததோ என்னவோ? மயிலிட்டியிலும் காங்கேசன்துறையிலும் கப்பல் எரிய முன்னரே, ஒன்றும் நடக்காத சாதாரண நாளில், மாதாமாதம் யாராவது மாதிரி எடுத்து வைக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். காசு கொடுப்போருக்கு ஒன்றும் நடக்காத நாளில் ஆர்வம் வராது என்பதும் தெரியும்.

அடுத்தமுறை கீரிமலைக்குப் போனபோது பெரியவரிடம் இதில் கொஞ்சத்தைச் சொன்னேன். சோடாப் போத்தலைத் திருப்பியும் கொண்டுபோயிருந்தேன். அமிலத்தில் ஒரு கிழமை, இரண்டு உறை, இரண்டு ஆள் என்றதும் சிரித்துவிட்டார்.

"உப்புத் தண்ணிக்கு உவ்வளவு ஆசாரமோ?"

போத்தலை வாங்கி மூடியைத் திறந்தார். என் காலைப் பார்த்தார். தோட்டத்துக்கால் குறுக்கே நடந்து வந்திருந்தேன். செம்பாடு கணுக்கால் வரை.

"கால் கழுவத்தன்னும் உதவட்டும்" என்று சொல்லி ஊற்றினார். சிவந்த தண்ணீர் படியால் இறங்கிக் கல்லிடுக்குக்குள் ஓடியது. ஒரு பவுசர் ஆழ்கடலில் உள்ளதைவிடப் பல மடங்கு இரும்பு, அலை வந்து தொட்டதும் கலங்கி, பிறகு தெரியவில்லை.